கண்ணுக்குள் ரத்தம் கசிந்த பிறகு: காத்திருப்பதா, ஊசியா, லேசரா, ஆபரேஷனா?

ஈல்ஸ் நோய் (கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசியும் நோய்) என்று சீட்டில் எழுதி வாங்கி வந்தவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வயது இருபத்தைந்து, முப்பது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஒருநாள் காலையில் ஒரு கண்ணில் மட்டும் ஒட்டடை தொங்குவது போல இருந்திருக்கும். கசக்கிப் பார்த்தால் போகாது. சாயங்காலத்துக்குள் புகை மூட்டம் போட்டுவிடும். வலி கிடையாது, வெளியே கண் சிவந்திருக்காது. ஒரு டாக்டர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். இன்னொருவர் கண்ணுக்குள் ஊசி போடச் சொல்கிறார். வேறொரு இடத்தில் லேசர், ஆபரேஷன் என்று பேச்சு வருகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

என் தம்பிக்கு இது வந்தபோது அவனுக்கு 26 வயது. "அக்கா, எதையாவது ஒன்றைச் சொல்லித் தொலைங்க" என்று அவன் கத்திய நாள் இன்னும் நினைவிருக்கிறது. நான் மருத்துவர் இல்லை. அவனோடு பல வருடம் கண் மருத்துவமனை பெஞ்சுகளில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவள். அந்த முதல் வாரத்தில் யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதை இங்கே எழுதுகிறேன்.

## முதலில், உள்ளே என்ன நடக்கிறது

1880இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹென்றி ஈல்ஸ் என்ற கண் மருத்துவர், இளம் ஆண்கள் சிலருக்குக் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ரத்தம் கசிவதைப் பதிவு செய்தார். அவர்களுக்கு மூக்கிலும் ரத்தம் வந்தது, மலச்சிக்கலும் இருந்தது. அதனால் அவை எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று அவர் நினைத்தார். விழித்திரையின் ரத்தக்குழாய்களில், முக்கியமாகச் சிரைகளில், அழற்சி ஏற்படுவதுதான் ஆரம்பம் என்பது பிறகுதான் தெரிய வந்தது. மேலை நாடுகளில் இன்று இந்த நோயைப் பார்ப்பதே அபூர்வம். இந்தியத் துணைக்கண்டத்தில்தான் அதிகம். அதனால் இதைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் பலவும் நம் சென்னையிலேயே நடந்திருக்கின்றன.

நோய் மூன்று கட்டமாக நகர்கிறது. ஆற்றுப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். வாய்க்கால் கரை வீங்கி அடைபடுகிறது, இது அழற்சி. கடைமடைக்குத் தண்ணீர் போகாமல் காய்கிறது, இது விழித்திரையின் ஓரப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றுபோவது. காயும் பகுதி சும்மா இருக்காது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டு ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். அதைக் கேட்டுப் புதுக்குழாய்கள் முளைக்கும். அவசரத்தில் வெட்டிய வாய்க்கால் மாதிரி அவற்றுக்குக் கரை பலம் கிடையாது. லேசாக இழுபட்டாலும் உடையும். அந்த ரத்தம்தான் கண்ணின் நடுவிலுள்ள விழிக்கூழில் கலந்து பார்வையை மறைக்கிறது.

உடைந்த ரத்தத்தை அகற்றுவது ஒரு வேலை. கடைமடையின் கூக்குரலை அடக்குவது இன்னொரு வேலை. கரை வீக்கத்தை வற்ற வைப்பது மூன்றாவது வேலை. மேலே சொன்ன நான்கு வழிகளும் முதல் இரண்டு வேலைகளுக்கானவை. மூன்றாவது வேலைக்கு மருந்து தனி, அதைப் பின்னால் சொல்கிறேன். இது விளங்காததால்தான் நாங்கள் மூன்று மாதம் தவித்தோம்.

## எதை வைத்து எடை போடுவது

விழித்திரை தெரிகிறதா? கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவையை விரிய வைத்துப் பார்க்கும்போது டாக்டருக்கு உள்ளே தெரிந்தால் ஒரு கணக்கு. ரத்தம் மறைத்தால் வேறு கணக்கு. மறைத்தால், கண் இமை மேல் வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கட்டாயம். விழித்திரை ஒட்டியிருக்கிறதா, பிய்ந்திருக்கிறதா என்பதை அதுதான் சொல்லும்.

அழற்சி இன்னும் சூடாக இருக்கிறதா? விழித்திரை தெரிந்தால், கையில் மஞ்சள் சாய ஊசி போட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் இதைக் காட்டிக்கொடுக்கும். எந்த இடங்கள் காய்ந்திருக்கின்றன என்பதும் அதில் தெரியும். அன்று முழுக்கச் சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.

மறு கண் எப்படி? மறு கண் தெளிவாக இருப்பவர் பொறுக்கலாம். அதிலும் பார்வை இல்லாதவரால் முடியாது.

இது ரத்தத்தை மட்டும் நீக்குமா, அடுத்த கசிவையும் தடுக்குமா? பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி இது.

எத்தனை தடவை வர வேண்டும்? மருந்தின் விலையை எல்லோரும் கேட்கிறோம். பஸ் செலவு, கூட வருபவரின் ஒருநாள் சம்பளம், பாவை விரிந்த கண்ணோடு வண்டி ஓட்ட முடியாமல் போகும் நாள்கள், இவற்றை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு விலக்கு. பார்வையின் ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல இருந்தாலோ, விழித்திரை நடுப்பகுதிவரை பிய்ந்து வருவதாக ஸ்கேன் சொன்னாலோ இந்த ஒப்பீடு எதுவும் வேண்டாம். அன்றே விழித்திரை நிபுணரிடம் போய்விடுங்கள்.

## காத்திருப்பது

கேட்க அலட்சியமாகத் தோன்றும். ஆனால் முதல் கசிவுக்குப் பல நேரம் இதுவே சரியான பதில். கூழில் கலந்த ரத்தம் சில வாரங்களில், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களில், தானே கீழே படிந்து கரையும். தலையணை இரண்டு வைத்துச் சாய்ந்து தூங்கச் சொல்வது அதற்காகத்தான், ரத்தம் கீழே இறங்கினால் நடுப்பார்வை தெளியும். பாரம் தூக்க வேண்டாம் என்பார்கள்.

காத்திருப்பது என்றால் வீட்டில் சும்மா இருப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சொன்ன தேதியில் போய் ஸ்கேன் எடுப்பதும் அதில் அடக்கம். ஸ்கேன் இல்லாமல் காத்திருப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடப்பதற்குச் சமம்.

இதன் மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, வேலை. லாரி ஓட்டுபவர், சாரத்தில் ஏறுபவர், தறியில் இழை பார்ப்பவர் இவர்களுக்கெல்லாம் மூன்று மாதம் என்பது சின்ன காலம் இல்லை. இரண்டாவது, இதைவிட மோசமானது. ரத்தம் தெளிந்து பார்வை வந்ததும் "குணமாகிவிட்டது" என்று மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடுவார்கள். என் தம்பி அதைத்தான் செய்தான். எட்டு மாதம் கழித்து அதே கண்ணில் மறுபடி ரத்தம். கடைமடை அப்படியே காய்ந்துகொண்டுதானே இருந்தது.

எனவே, மறு கண் நன்றாக இருந்து, ஸ்கேனில் விழித்திரை ஒட்டியிருந்து, முதல் கசிவாகவும் இருந்தால் காத்திருக்கலாம். தெளிந்த மறுநாள் ஆஞ்சியோகிராமுக்குப் போகும் தேதியை இன்றே வாங்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

## கண்ணுக்குள் போடும் ஊசி

பெவாசிஸுமாப், ரானிபிஸுமாப் என்ற பெயர்கள் காதில் விழும். காயும் பகுதி சுரக்கும் ரசாயனத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மருந்துகள் இவை. சில நாள்களிலேயே புதுக்குழாய்கள் சுருங்கும். பெவாசிஸுமாப் முதலில் பெருங்குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. சீட்டைப் பார்த்துவிட்டு "கேன்சர் மருந்தையா கண்ணில் போடுகிறார்கள்" என்று அம்மா அழுதார். பல ஆண்டுகளாக உலகம் முழுக்க மிகச் சிறு அளவில் கண்ணுக்குப் பயன்படும் மருந்துதான் அது, அந்தப் பயம் தேவையில்லை. ஊசி போடுவதும் நினைப்பது போல இல்லை. மரத்துப்போகச் சொட்டு விட்டு, சில நொடியில் முடித்துவிடுவார்கள்.

குறை எங்கே என்றால், மருந்தின் வேகம் நாலைந்து வாரத்தில் வடிந்துவிடும். காய்ந்த இடம் மறுபடி கூப்பிட ஆரம்பிக்கும். ஊசியை மட்டும் நம்பியவர் மாதாமாதம் வந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு மாதம் தவறினால் ஆபத்து. விழித்திரை மேல் பழைய நார்ப்படலம் படர்ந்திருந்தால், ஊசிக்குப் பிறகு அது சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடலாம். அதனால் ஊசிக்கு முன்பு "உள்ளே நார்ப்படலம் இருக்கிறதா?" என்று கேட்பது உங்கள் உரிமை. கண்ணுக்குள் கிருமித்தொற்று வருவது அரிது, ஆனால் வந்தால் கண்ணே போகலாம். ஊசிக்குப் பிறகு வலியும் சிவப்பும் பார்வைக் குறைவும் ஏறிக்கொண்டே போனால் மறுநாள்வரை பொறுக்கக் கூடாது.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பெவாசிஸுமாப் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், ஒரு பெரிய குப்பியிலிருந்து பலருக்குப் பிரித்து எடுப்பதுதான். பிரிக்கும் இடம் எவ்வளவு சுத்தம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கே, எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல இடத்தில் கோபப்படாமல் பதில் சொல்வார்கள்.

ஊசி தன் உச்சத்தில் இருப்பது துணை வேடத்தில். ஆபரேஷனில் ரத்தம் அதிகம் வராமல் இருக்கச் சில நாள் முன்பு போடுவார்கள். கொஞ்சம் மங்கலாக இருக்கும் கண்ணில், லேசர் வைக்கும் அளவுக்கு உள்ளே தெளியட்டும் என்பதற்காகவும் போடுவார்கள்.

## லேசர்

வெளிப்படையாகச் சொல்கிறேன், நான்கில் என் மரியாதை அதிகம் இதன்மேல்தான். பளிச்சென்று எதையும் செய்யாது. பார்வையைக் கூட்டாது. ஆனால் அடுத்த கசிவின் காரணத்தையே குறிவைக்கும் வழி இது ஒன்றுதான். காய்ந்துபோன ஓரப் பகுதியில் சின்னச் சின்னதாகச் சுட்டு வைப்பார்கள். தண்ணீர் எட்டாத வயலைத் தரிசாக விட்டுவிட்டால் அது தண்ணீர் கேட்காது அல்லவா, அதே கணக்கு. கூக்குரல் அடங்கினால் புதுக்குழாய்கள் வாடும். நடுப்பார்வைக்கான பகுதியைத் தொட மாட்டார்கள்.

பொதுவாக இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வைப்பார்கள். சில இடங்களில் சுருக்கென்று வலிக்கும். ஆபரேஷன் தியேட்டர் வேண்டாம், அன்றே வீட்டுக்கு வரலாம். செலவும் ஆபரேஷனைவிட மிகக் குறைவு.

இழப்பது என்ன? நிறைய இடத்தில் வைத்தால் இரவுப் பார்வை, பக்கவாட்டுப் பார்வை இரண்டும் கொஞ்சம் குறையலாம். என் தம்பி இப்போது ராத்திரியில் பைக் எடுப்பதில்லை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதற்குள் இன்னொரு சின்னக் கசிவு வரலாம். "லேசர் வைத்தும் ரத்தம் வந்துவிட்டதே" என்று அங்கே மனம் உடைந்துவிடாதீர்கள். பல நேரம் விட்டுப்போன இடங்களில் மேலும் கொஞ்சம் வைத்தால் நிற்கும்.

லேசருக்குத் தடை இரண்டு. ரத்தம் முழுக்க மறைத்திருந்தால் ஒளி உள்ளே போகாது. அழற்சி சூடாக இருக்கும்போது வைத்தால் நிலைமை மோசமாகலாம், முதலில் மாத்திரையால் அதை அடக்க வேண்டும். "இன்றைக்கே வைத்துவிடுங்கள்" என்று நாம் அவசரப்படுத்தக் கூடாத இடம் இது.

## ஆபரேஷன்

விட்ரெக்டமி என்று சொல்வார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் மாக்கெமர் வழிகாட்டிய முறை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூன்று நுண்ணிய துளை போட்டு, ரத்தம் கலந்த கூழை வெட்டி உறிஞ்சி எடுப்பார்கள். இழுக்கும் படலங்களை உரிப்பார்கள். கையோடு உள்ளேயே லேசரும் வைத்துவிடுவார்கள். ஆக, ரத்தத்தை அகற்றுவது, அடுத்ததைத் தடுப்பது என இரண்டு வேலையும் ஒரே நாளில் முடிகிறது.

ரத்தம் ஏறக்குறைய மூன்று மாதத்தில் கரையாவிட்டால் ஆபரேஷன் என்பது பழைய வழக்கம். கருவிகள் நுண்மையாகிவிட்டதால் இன்று சிலர் அதற்கு முன்பே செய்கிறார்கள். இரண்டு கண்ணும் மறைந்தவருக்கும், திரும்பத் திரும்பக் கசிபவருக்கும் முன்கூட்டிச் செய்வதில் நியாயம் இருக்கிறது. விழித்திரை பிய்ந்து நடுப்பகுதியைத் தொடும் நிலையில் இருந்தால் தேர்வே கிடையாது, இதுதான்.

மறைமுகச் செலவுகளை ஆபரேஷன் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். உள்ளே காற்றோ வாயுவோ நிரப்பினால் சில நாள் குப்புறப் படுக்கச் சொல்லலாம். அந்த வாயு கரையும்வரை விமானம் ஏறக் கூடாது. மலை ஏறவும் கூடாது. உயரம் போனால் வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும். கொடைக்கானல், ஊட்டி, வால்பாறை ஊர்க்காரர்கள் கீழேயே தங்க ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும். கூட்டத்தில் அவசர அவசரமாகப் பேசும்போது ஊரைக் கேட்க மறந்துவிடுவார்கள், நீங்களே சொல்லுங்கள். வாயு இருக்கும்போது வேறு ஏதாவது ஆபரேஷன் வந்தால் மயக்க டாக்டரிடமும் சொல்ல வேண்டும். வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்தால், சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். செலவையும் லீவையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் புரை வரும் வாய்ப்பும் கூடும்.

இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன், நடுப்பார்வைப் பகுதி கெடாமல் வெறும் ரத்தம் மட்டும் மறைத்திருந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாகவே பார்க்கிறார்கள். பயந்து ஒரு வருடம் தள்ளிப்போட்டு, நார் இழுத்துப் பிய்ந்த பிறகு வருபவர்களுக்குத்தான் பலன் குறைகிறது.

## நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | காத்திருப்பது | ஊசி | லேசர் | ஆபரேஷன் |
|---|---|---|---|---|
| இருக்கும் ரத்தத்தை நீக்குமா | தானே கரைய வேண்டும் | நேரடியாக இல்லை | இல்லை | ஆம் |
| அடுத்த கசிவைத் தடுக்குமா | இல்லை | சில வாரம் | ஆம், நீண்ட காலம் | ஆம், உள்ளே வைக்கும் லேசரோடு |
| ரத்தம் மறைத்திருந்தால் முடியுமா | ஸ்கேனோடு | ஆம், நார்ப்படலம் பார்த்து | முடியாது | ஆம் |
| கவனிக்காமல் விடும் செலவு | வேலை இழப்பு, திரும்பி வராமல் இருப்பது | மாதாமாதம் பயணம் | இரவுப் பார்வை | படுக்கும் நிலை, மலைப்பயணத் தடை, எண்ணெய் எடுப்பது, புரை |
| யாருக்கு ஏற்றது | முதல் கசிவு, மறு கண் நலம் | லேசருக்கோ ஆபரேஷனுக்கோ துணையாக | உள்ளே தெரிகிறது, அழற்சி அடங்கியது | கரையாத ரத்தம், பிய்ந்த விழித்திரை |

## அழற்சிக்கு: மாத்திரையா, கண் ஓரத்தில் ஊசியா?

குழாய் வீக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தனியாக வரும். ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், வேகமாகவும் அடக்கும். சர்க்கரை, எடை, வயிற்றுப் புண், தூக்கமின்மை எல்லாம் அதன் விலை. நன்றாகத் தெரிகிறதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் நோய் இருப்பவருக்கும் சர்க்கரைக்காரருக்கும் கண் ஓரத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி நல்லது. ஆனால் கண் அழுத்தம் ஏறலாம், அதைப் பல வாரம் அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்டீராய்டை இறக்கும்போதெல்லாம் வீக்கம் திரும்பினால் மெத்தோட்ரெக்ஸேட் கொடுப்பதுண்டு. அது வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், ஆணானாலும் பெண்ணானாலும், முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் காசநோய். ஈல்ஸ் நோயாளிகள் பலருக்குத் தோலில் போடும் மாண்டு பரிசோதனை பாசிட்டிவாக வருகிறது. சென்னை ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஈல்ஸ் நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த படலங்களில் காசநோய்க் கிருமியின் மரபணுத் தடயம் இருந்தது. கண்ணுக்குள் உயிருள்ள கிருமி என்பதைவிட, கிருமியின் புரதத்துக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பே காரணம் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் டிபி மருந்து வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஒருவர் வேண்டும் என்றும் மற்றவர் வேண்டாம் என்றும் சொன்னால் இருவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் நெஞ்சு எக்ஸ்ரேயும் டிபி பரிசோதனையும் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்க விடாதீர்கள், உள்ளே அடங்கிக் கிடக்கும் நோயை அது எழுப்பிவிடலாம். டிபி மருந்து எடுப்பது என்று முடிவானால், அதிலுள்ள எத்தாம்பூட்டால் கண் நரம்பைப் பாதிக்கக்கூடியது என்பதால் நிறம் பிரித்தறிகிறீர்களா என்று இடையிடையே சோதிக்க வேண்டும். அதிலுள்ள இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் இரண்டு டாக்டர்களும் மற்றவரின் சீட்டைப் பார்த்தாக வேண்டும். டிபி மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

## மறு கண்

ஒரு கண்ணில் ரத்தம் வந்தால் முழு கவனமும் அந்தக் கண்மேலேயே போய்விடுகிறது. ஆனால் இந்த நோய் பெரும்பாலானவர்களுக்கு நாளடைவில் இரண்டு கண்ணிலும் வரும். நன்றாகத் தெரிகிறது என்று நீங்கள் நம்பியிருக்கும் கண்ணின் ஓரத்தில் கடைமடை ஏற்கெனவே காயத் தொடங்கியிருக்கலாம். அந்தக் கண்ணில் ரத்தம் மறைக்கவில்லை. ஆஞ்சியோகிராம் எடுக்கலாம், தேவைப்பட்டால் லேசர் இன்றே வைக்கலாம். நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் அடுத்த தடவை போகும்போது இதைக் கேளுங்கள்: "சார், இந்தக் கண்ணையும் மருந்து விட்டு ஓரம்வரைக்கும் பார்த்தீங்களா?" நாங்கள் இரண்டாவது வருடம்தான் கேட்டோம். அந்தக் கண்ணில் இரண்டு தடவை லேசர் வைத்தார்கள். இன்றுவரை அதில் ஒரு சொட்டு ரத்தம் கசியவில்லை, அவன் அந்தக் கண்ணால்தான் படிக்கிறான்.